கருந்துளை கண்ட கரிசல் மகள்

உக்காருங்க டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி கலக்கிட்டேன், வேண்டாம்னு சொல்லாதீங்க. பால் நிறைய கெடக்கு. ஒருத்திக்கு எவ்வளவு பால் வேணும்? குறைச்சு ஊத்துப்பான்னு பால்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. அவரு பழைய கணக்குலயே ஊத்திட்டுப் போறாரு, எங்கம்மா இருந்தப்ப ஊத்தின கணக்கு.

ஸ்கூல் அறிவியல் கண்காட்சியில வந்து கருந்துளை பத்திப் பேசணும். அதானே? மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க மரியாதையா வீடு தேடி வந்திருக்கீங்க, மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்றது தப்புதான். ஏன் மாட்டேங்கிறேன்னு சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே? இருங்க, முறுக்கு எடுக்கிறேன்.

நீங்க இந்த ஊருக்குப் புதுசு. போன வருஷம்தானே மாத்தலாகி வந்தீங்க? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பஜார்ல மாரியப்பன் தையல் கடைன்னு ஒண்ணு இருக்கு. கடை வாசல்ல வெயிலுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் இழுத்துக் கட்டியிருக்காரு. அதுல பாதி மூஞ்சி தெரியும். ஒரு கண்ணு, மூக்குக் கண்ணாடியில ஒரு பக்கம், அவ்வளவுதான். அது நான்தான், டீச்சர். 'கருந்துளை கண்ட கரிசல் மகள், கோவில்பட்டி தந்த விஞ்ஞானி முனைவர் செண்பகவல்லி'ன்னு முழ நீளத்துக்கு எழுதியிருந்துச்சு. ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து உங்க ஸ்கூல் வரைக்கும் வரிசையா கட்டியிருந்தாங்க. ஆமா, உங்க ஸ்கூல் மைதானத்துலதான் பாராட்டு விழா. சால்வையா போட்டாங்க, வேர்த்து ஊத்துச்சு. பிள்ளைங்க எல்லாம் கறுப்புப் பலூன் ஊதிப் பறக்க விட்டுச்சுங்க. கருந்துளையாம்.

அந்தக் கருந்துளை இல்ல, டீச்சர்.

இல்லன்னா, இல்லவே இல்ல. இருக்குன்னு சொன்னது தப்பாப் போச்சு. இருக்குன்னு சொன்னப்ப எல்லாப் பேப்பர்லயும் போட்டாங்க. இல்லன்னு ஆனப்ப ஒரு பேப்பர்லயும் வரல. அதனால இந்த ஊரைப் பொறுத்தவரை அது இன்னைக்கும் இருக்கு. காய்கறிக்குப் போனா 'கருந்துளை அம்மாவுக்கு நல்ல தக்காளியா போடு'ன்னு சொல்றாங்க. நான் என்ன சொல்ல? தக்காளியை வாங்கிட்டு வந்துடுவேன்.

நீங்க பிசிக்ஸ்தானே? அப்ப சொன்னாப் புரியும். கண்ணுக்கே தெரியாததை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்கன்னு பிள்ளைங்க கேக்கும். நாங்க அதைத் தேடவே மாட்டோம்னு சொல்லுங்க. அது பக்கத்துல இருக்கிற நட்சத்திரத்தைத்தான் பாப்போம். நட்சத்திரத்து வெளிச்சத்தை வானவில் மாதிரி விரிச்சா, நடுநடுவுல மெல்லிசா கறுப்புக் கோடு கோடா இருக்கும். ரயில் கேட்டுல நின்னிருக்கீங்கள்ல? வண்டி வரும்போது ஹாரன் கீச்சுனு கேக்கும், தாண்டிப் போனதும் தொண்டை கட்டின மாதிரி ஆயிரும். வெளிச்சமும் அப்படித்தான். நட்சத்திரம் நம்மளைப் பாத்து வந்தா கோடெல்லாம் நீலப் பக்கம் நகரும், விலகிப் போனா சிவப்புப் பக்கம். ஒரே ஒரு நட்சத்திரம், அது கோடு இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் போகுது, திரும்ப இந்தப் பக்கம் வருதுன்னா என்ன அர்த்தம்? எதையோ சுத்துது. எவ்வளவு வேகம், ஒரு சுத்துக்கு எவ்வளவு காலம், இது ரெண்டையும் வச்சு, சுத்த வைக்கிறது எவ்வளவு கனமா இருக்கணும்னு கணக்குப் போட்டுடலாம். அவ்வளவு கனமான நட்சத்திரம் பக்கத்துல இருந்தா பளிச்சுனு தெரியணும். தெரியலன்னா?

அதான். அதுதான் கருந்துளை.

எல்லாத்தையும் உறிஞ்சிடும்னு பிள்ளைங்க நினைச்சுக்கிட்டிருக்கும். அதெல்லாம் இல்ல. நம்ம சூரியனே அப்படி ஆயிட்டாலும் பூமி பாட்டுக்கு இதே பாதையில சுத்திக்கிட்டிருக்கும். குளிர்ல நாம செத்துருவோம், அது வேற. பக்கத்து நட்சத்திரத்தைப் பிச்சுத் தின்னுக்கிட்டிருக்கிற கருந்துளை எக்ஸ்-ரேயில தெரிஞ்சிடும். ஒண்ணும் திங்காம சும்மா இருக்கு பாருங்க, அதைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். நம்ம அக்கம்பக்கத்துல அந்த மாதிரி எத்தனையோ இருக்கணும். யாருக்கும் தெரியாம.

பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துலதான் எனக்கு வேலை. பேரு எதுக்கு, விடுங்க. சேர்ந்து ரொம்ப வருஷம் கழிச்சு ஒருத்தி வந்து சேர்ந்தா. எப்சிபா. சாயர்புரத்துக்காரி. முதல் நாள் கேன்டீன்ல வரிசையில நின்னு 'அண்ணாச்சி, சாம்பார் ஊத்தாதீங்க, தனியாத் தாங்க'ன்னு சொன்னா. எனக்கு அப்படியே நம்ம பக்கத்துக் காத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன். அன்னையில இருந்து அவளுக்கு நான் அக்கா.

ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கல. எனக்கு அமையல, அவளுக்கு வேண்டாம். சனி ஞாயிறு சேந்து சமைப்போம். வருஷா வருஷம் மாசி பங்குனியில மலைக்குப் போவோம், டெலஸ்கோப் அங்கதான். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், வேலை பாக்கும்போது சர்ச் பாட்டு முணுமுணுப்பா. ஒரே பாட்டு, அதுலயும் ரெண்டே வரி. நிறுத்துடி, கோடு எண்ண முடியலம்பேன். நிறுத்துவா. கொஞ்ச நேரத்துல தன்னை அறியாமலே திரும்ப ஆரம்பிச்சிடுவா. இருபது வருஷம் அந்த ரெண்டு வரியைக் கேட்டிருக்கேன். மூணாவது வரி என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

காப்பி ஆறிப்போச்சு பாருங்க. சூடு பண்ணட்டுமா? சரி, குடிங்க.

அப்படி மலைக்குப் போன ஒரு வருஷம்தான் அந்த நட்சத்திரம் எங்களுக்கு மாட்டுச்சு. தெக்கு வானத்துல, வெறும் கண்ணுக்கே தெரியும். கோடு நகருது, அழகா, தாளம் தப்பாம. நான்தான் முதல்ல பாத்தேன். கணக்குப் போட்டா, சுத்த வைக்கிற பொருள் நம்ம சூரியன் மாதிரி நாலஞ்சு மடங்கு கனம். ஆனா அங்க ஒண்ணும் தெரியல. வெறும் கண்ணால பாக்குற நட்சத்திரத்துக்குப் பக்கத்துல ஒரு கருந்துளைன்னா என்ன அர்த்தம், டீச்சர்? ஊர்ல மொட்டை மாடியில நின்னு 'அதோ அங்க'ன்னு கை காட்டலாம். அதுவரைக்கும் யாரும் அப்படிக் கை காட்டினதில்ல. எனக்கு ரிட்டயர்மென்ட் வர இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்துச்சு. என் பேர்ல அதுவரைக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. நல்ல வேலைக்காரின்னு பேரு, அவ்வளவுதான்.

எப்சி சந்தோஷப்பட்டாளா? படல. கேன்டீன்ல தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, சாப்பிடல.

"அக்கா, கோடு ரொம்ப மெல்லிசா இருக்கு, கனமான நட்சத்திரத்துக்கு இப்படி இருக்காது. இந்த நட்சத்திரம் கனமான மாதிரி வேஷம் போடுதோன்னு எனக்குப் பயமா இருக்கு"ன்னா.

விஷயம் என்னன்னா, நாம பாக்குற நட்சத்திரத்தோட கனம் தெரிஞ்சாத்தான் மத்த கணக்கே வரும். அது நிறம், வெளிச்சம் இதை வச்சு நான் போட்ட கனம். எப்சி என்ன சொன்னான்னா, சில நட்சத்திரம் மேல் சதையெல்லாம் கூட இருக்கிற இன்னொரு நட்சத்திரத்துக்கிட்ட பறிகுடுத்துட்டு, உள்ள ஒண்ணும் இல்லாம உப்பிப் போய் நிக்கும். பாத்தா வாட்டசாட்டமா தெரியும், தூக்கினா தக்கை. தக்கையைச் சுத்த வைக்கக் கருந்துளை எதுக்கு? சாதாரண நட்சத்திரம் போதும். அந்தச் சாதாரண நட்சத்திரம் எங்கன்னு கேட்டேன். பம்பரம் மாதிரி வேகமா தன்னைத்தானே சுத்துற நட்சத்திரமா இருந்தா, அதோட கோடெல்லாம் அகலமா இழுவிப் போய் இருக்கும், இன்னொண்ணோட வெளிச்சத்துக்குள்ள கரைஞ்சிடும், கண்ணுல படாதுன்னா. இன்னும் ஒரு வருஷம் பாப்போம், வெளிநாட்டுல பெரிய டெலஸ்கோப்ல நேரம் கேப்போம்னா.

ஒரு வருஷம்! அமெரிக்காக்காரன் காத்துக்கிட்டிருப்பானா? நான் கட்டுரையை எழுதி அனுப்பிட்டேன். அவ பேரைப் போடல. அவளே போட வேண்டாம்னா. நல்லாக் கேட்டுக்கிடுங்க, அவளேதான் வேண்டாம்னா. ஒரு சந்தோஷத்துல பங்கெடுத்துக்க மனசு வரலன்னா நாம என்ன பண்ண முடியும்?

அப்புறம் ஒரே அமளி. பேப்பர், டிவி, போன் மேல போன். ஒரு ஞாயித்துக்கிழமை நல்ல மழை, எப்சி நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தா. கையில லேப்டாப், அதைப் பிளாஸ்டிக் பையில சுத்தி நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தா. நான் டெல்லிக்காரங்ககூட போன்ல இருந்தேன், உக்காருன்னு சைகை காமிச்சேன். உக்காந்தா. அடுத்த போன் வந்துச்சு, அதுக்கு அடுத்ததும் வந்துச்சு. என்ன நான் வேணும்னா பண்ணினேன்? கடைசியில அவளே அடுப்படிக்குப் போய் எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. என்ன விஷயமா வந்தேன்னு சொல்லவே இல்ல. வாயத் திறந்தாத்தானே நமக்குத் தெரியும்?

ஆபீஸ்லயும் ரெண்டு மூணு தடவை என் ரூம் வாசல்ல வந்து நின்னா. என்னடின்னா, ஒண்ணுமில்லக்கா, நேரம் இருக்கும்போது ஒரு படம் காட்டணும்பா. சரி, காட்டலாம், இந்த வாரம் போகட்டும்பேன். மெயில்லயும் அனுப்பியிருந்தா. அந்தச் சமயத்துல வந்த மெயிலை எல்லாம் திறந்து பாக்க ஆளு போட்டாலும் முடியாது, அவ்வளவு வாழ்த்து.

ஊர்ல பாராட்டு விழா முடிஞ்சு திரும்பினேன். கொஞ்ச மாசத்துல அவ கட்டுரை வந்துச்சு. சிலி நாட்டுல பெரிய டெலஸ்கோப்ல பாத்து எழுதியிருக்கா. அந்த இழுவின கோடு இருக்குது. முதல் நட்சத்திரம் இந்தப் பக்கம் போனா அது அந்தப் பக்கம் போகுது, கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமா. ரெண்டு சாதாரண நட்சத்திரம் கைகோத்துக்கிட்டு சுத்துது. கருந்துளை இல்ல. நான் திரும்பத் திரும்பப் படிச்சேன், ஒரு எடத்துல தப்புக் கண்டுபிடிச்சிட மாட்டோமான்னு. முடியல. சுத்தமான வேலை. நான் சொல்லிக் குடுத்த வேலைதானே, எப்படித் தப்பு வரும்?

முதல் வரியிலேயே என் பேர். இந்த நட்சத்திரம் எதையோ சுத்துதுன்னு முதல்ல கவனிச்சது செண்பகவல்லி, அவங்க அளவு இல்லன்னா இந்த வேலை நடந்திருக்காதுன்னு. குத்திக் காட்டுறதுக்குத்தான், வேற எதுக்கு?

அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு, சொல்ல விட்டுட்டேன். அவ அந்தக் கட்டுரையை அனுப்புறதுக்கு முந்தின வாரம் எங்கிட்ட வந்து, 'அக்கா, நாம ரெண்டு பேருமா சேந்து எழுதிடுவோம், நீங்களே உங்களைத் திருத்தின மாதிரி இருக்கும்'னா. எதைத் திருத்தணும், எனக்குத் திருத்த ஒண்ணும் இல்லன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். அவ்வளவு வேலை எனக்கு அன்னைக்கு.

என் மனத்தாங்கல் என்னன்னா, டீச்சர், ஒரு வார்த்தை. முன்கூட்டியே ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் பழகினவ. இப்படி ஊர் கூட்டிச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட தனியா வந்து, அக்கா, இது தப்புன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? நீங்களே சொல்லுங்க.

என்ன அப்படிப் பாக்குறீங்க? முறுக்கு எடுத்துக்கோங்க.

அதுக்கப்புறம் பேச்சு இல்ல. வராண்டாவுல எதிர்ல வந்தா நான் நோட்டீஸ் போர்டைப் பாத்துக்கிட்டுப் போயிடுவேன். என்னை வழியனுப்புற விழாவுக்கு அவ வரல. சிலியில இருந்தாளாம். விழா நடக்கும்போது போன் பண்ணினா. மாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு எப்படிப் போன் எடுக்க? அப்புறம் நான் திரும்பக் கூப்பிடல. அவளும் எத்தனை தடவைதான் கூப்பிடுவா.

இங்க வந்துட்டேன். அம்மாவும் போயிட்டாங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல. தனியா இருக்கேன்னு பாவப்படாதீங்க, எனக்குப் பழக்கம்தான். டிவி ஓடிக்கிட்டிருக்கும், சத்தத்தைக் குறைச்சு வச்சிருப்பேன். ஆள் நடமாட்டம் மாதிரி இருக்கும், அதுக்குத்தான். சாயங்காலம் மாடிக்குப் போவேன். அந்த நட்சத்திரம் இங்கயும் தெரியுது, தெக்க, தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகைக்கு மேல கொஞ்ச நேரம். நான் இப்ப அதைப் பாக்குறதில்ல. வடக்கப் பாத்து நடப்பேன்.

போன வருஷம் ஒரு நாள் அவ நம்பர்ல இருந்து போன். எடுத்துட்டேன், என்னமோ கை எடுத்துடுச்சு. "அக்கா, ஒண்ணு கிடைச்சிருக்கு. இது நிஜம்"னா. இப்ப விண்வெளியில ஒரு செயற்கைக்கோள் இருக்கு பாத்துக்கிடுங்க, கோடிக்கணக்கான நட்சத்திரம் எங்கெங்க இருக்குன்னு தலைமுடி பிசகாம அளக்குது. எது எடத்துல நிக்காம தள்ளாடுதோ, அதைப் பொறுக்கி எடுத்து, அப்புறம் நாங்க பாக்குற மாதிரி கோடு பாத்து உறுதி பண்றாங்க. அந்த மாதிரி ஒண்ணு. நம்ம சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம், சாது, எந்த வேஷமும் இல்ல. அது பக்கத்துல ஒண்ணுமே இல்ல, ஆனா சுத்துது. எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்தாச்சுக்கா, வேற வழியே இல்லன்னா. இன்னும் வெளிய யாருக்கும் சொல்லல, உங்களுக்குத்தான் முதல்லன்னா.

பெருமை அடிச்சுக்கத்தான். வேற எதுக்கு எனக்கு முதல்ல சொல்லணும்?

ரொம்ப சந்தோஷம், குக்கர் விசில் வருதுன்னு சொல்லி வச்சிட்டேன். குக்கர் இருந்துச்சா இல்லையான்னு கேக்காதீங்க. அப்புறம் அந்த நாற்காலியில உக்காந்து கணக்கை நானே போட்டுப் பாத்தேன், அவ சொன்ன எண்ணை வச்சு. சரியா வந்துச்சு. கருந்துளைதான். சொல்றதுக்குத்தான் ஆளைத் தேடினேன். பால்காரர்கிட்ட சொன்னேன். 'அப்படியாம்மா'ன்னு சொல்லிட்டு அளவைக் குறைக்காம ஊத்திட்டுப் போனாரு.

அதனாலதான் டீச்சர், நான் வரமாட்டேன். இல்லாததைக் கண்டவ வந்து பிள்ளைங்களுக்கு என்ன பேச? நிஜமான ஆளைக் கூப்பிடுங்க. எப்சிபாவைக் கூப்பிடுங்க. நல்லாப் பேசுவா, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். நம்ம பக்கத்துப் பேச்சு இன்னும் மாறியிருக்காது. நம்பர் சொல்றேன், அடிச்சுக்கோங்க. புக்கு எதுக்கு, எனக்கு மனப்பாடம்.

இப்பவே பேசிடுங்களேன். இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருப்பா. ஸ்பீக்கர்ல போடுங்க, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் பக்கத்துல இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க.

இருங்க, டிவியை நிறுத்திடறேன். ம். போடுங்க.

*

வச்சிட்டாளா?

குரல் அப்படியே இருக்கு. கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, ஆனா அப்படியேதான். கோவில்பட்டின்னு நீங்க சொன்னதும் சட்டுனு நிறுத்தினா பாத்தீங்களா? அங்கதான் செண்பகக்கா இருக்காங்களே, அவங்களைக் கேட்டீங்களான்னா. கேட்டோம், அவங்க மாட்டேன்னுட்டாங்கன்னு நீங்களும் சொல்லிட்டீங்க. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சரி, பரவாயில்ல.

எப்படி இருக்காங்கன்னு கேட்டா. நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்க. வேற என்ன சொல்ல முடியும் நீங்க, என்னை இன்னைக்குத்தானே பாக்குறீங்க.

அவங்க வந்தா நானும் வரேன், அவங்க இல்லாம அந்த ஊர்ல நான் பேச மாட்டேன்னு சொல்றா. பிடிவாதம், அப்பவும் இப்படித்தான். ஆனா கடைசியில என்னமோ சொன்னாளே, என்ன சொன்னா? முழங்கால் ஆபரேஷனா? மாடி ஏறுற மாதிரி இருந்தா கஷ்டம், இப்பத்தான் ஆபரேஷன் ஆச்சுன்னா. நான் சரியாத்தானே கேட்டேன்?

எப்ப பண்ணினாளாம்?

எந்த ஆஸ்பத்திரி? கூட யாரு இருந்தா? அவளுக்கு யாருமில்ல, டீச்சர். அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, அவரும் தவறிட்டாரு. பெங்களூர்ல அந்த மூணாவது மாடி வீட்டுலயா இன்னும் இருக்கா? அங்க லிஃப்ட் கிடையாது. எப்படி ஏறி இறங்குறா? பால் யாரு வாங்கித் தரா? எந்தக் கால்னாவது கேட்டீங்களா? கேக்கலையா? ஒரு மனுஷி ஆபரேஷன்னு சொன்னா எந்தக் கால்னு கேக்க வேண்டாமா?

இல்ல, உங்களைச் சொல்லல. உங்களுக்கு அவ யாரு.

திரும்பப் போடுங்க. உங்க ஹால் மாடியிலயா கீழயான்னு அவளுக்குத் தெரியணும்ல, அதைச் சொல்லணும்ல. போடுங்க.

மணி அடிக்குதா?

இல்ல, நீங்க பேச வேண்டாம். குடுங்க இப்படி. அதை நான் கேக்கிறேன்.